சிறு விமானத்தில் போய் காட்டுக்குள் முகாம் போடுவது: கிளம்புவதிலிருந்து திரும்புவது வரை முழு வழிகாட்டி

காட்டு ஓடுபாதைக்கு முதல்முறை போக நினைக்கும் பைலட்டுகள் எல்லோரும் கேட்பது, "அங்கே என் விமானத்தை இறக்க முடியுமா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இறக்கினால், அங்கிருந்து ஏற முடியுமா?" உயரமான இடத்தில், வெயில் ஏறிய நேரத்தில், பெரும்பாலான சிறு விமானங்களுக்கு இறங்கத் தேவையான தூரத்தைவிட ஏறத் தேவையான தூரம் அதிகம். அதனால் நன்றாக இறங்கிவிட்டு, இரண்டு நாள் சந்தோஷமாக முகாம் போட்டுவிட்டு, கிளம்பும்போது மாட்டிக்கொள்வது நடக்கக்கூடிய விஷயம். இந்த வழிகாட்டியில் கூடாரம், சமையல், கரடி எல்லாம் வரும், ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கடைசி மேலெழுதலிலிருந்து பின்னோக்கி யோசித்தே சொல்கிறேன்.

உதாரணங்களை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து எடுத்திருக்கிறேன். இந்த வகைப் பறத்தலுக்கு அலாஸ்காவை விட்டால் அதற்கு ஈடான இடம் அந்த நாட்டில் குறைவு. 1964-இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டம் வனப்பகுதிகளில் விமானம் இறங்குவதைப் பொதுவாகத் தடுத்தாலும், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஓடுபாதைகளைத் தொடர இடம் கொடுத்தது. 1980-இல் 'ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன்' வனப்பகுதி உருவானபோது அங்கிருந்த ஓடுபாதைகளும் பிழைத்தன. இன்று அங்கே முகாம் போட முடிகிறதென்றால் அதற்கு இந்தச் சட்ட வரிகள்தான் காரணம், அதை மனதில் வைத்துத்தான் அங்கே நடந்துகொள்ளவும் வேண்டும்.

1. கையில் இருக்கும் விமானத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

பைப்பர் சூப்பர் கப், ஏவியட் ஹஸ்கி, மௌல், செஸ்னா 180, 185 என்று இதற்கே பேர் போன விமானங்கள் உண்டு. பெரும்பாலும் டெயில்வீல் வகை, அதாவது மூன்றாவது சக்கரம் மூக்கில் இல்லாமல் வாலில் இருக்கும். மூக்கு தூக்கி நிற்பதால் ப்ரொபெல்லர் தரையை விட்டு நன்றாக உயர்ந்திருக்கும், முன்சக்கரம் குழியில் மாட்டும் கவலையும் இல்லை. 31 அங்குல பலூன் டயர் போட்டால் ஆற்றுமணல் திட்டில்கூட இறங்கலாம். ஆனால் முதல் பயணத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நன்றாகப் பராமரிக்கப்படும் புல் ஓடுபாதைக்கு செஸ்னா 172-ம் 182-ம் போதும்.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். சக்கரத்தைச் சுற்றி இருக்கும் மூடிகளைக் கழற்றிவிடுங்கள், சேறும் புல்லும் அடைத்து சக்கரம் இறுகிவிடும். 182-ஐ ஓட்டுபவர்கள் முன்சக்கரத்தை முதலில் தரையில் வைக்கவே கூடாது. மூக்கு கனமான விமானம் அது, ஒருமுறை முன்சக்கரத்தில் அடித்து இறங்கினால் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் வளைந்துவிடும். காட்டில் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். புல், மண் ஓடுபாதைகளுக்கு அது செல்லுமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

2. வீட்டுப்பக்கத்து ஓடுபாதையிலேயே பயிற்சி

இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். தார் போட்ட 5,000 அடி ஓடுபாதையில் வேகமாக வந்து மிதந்து மிதந்து இறங்கிப் பழகிய கைக்கு, காட்டில் திடீரென்று புத்தி வராது. இறங்கும் வேகம் 10 சதவீதம் கூடினால் இறங்கும் தூரம் சுமார் 21 சதவீதம் கூடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தூரம் கூடுகிறது, அதனால் ஐந்து நாட் (ஒரு நாட் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) அதிகம் என்பது சின்ன விஷயமே அல்ல.

ஓடுபாதையில் ஒரு கோட்டைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்திலேயே ஒவ்வொரு முறையும் சக்கரம் தொடுகிறதா என்று பாருங்கள். அணுகும் வேகம் ஸ்டால் வேகத்தின், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகத்தின், 1.3 மடங்கு, அதற்கு மேல் வேண்டாம், கீழேயும் வேண்டாம். மெதுவாகப் பறப்பதை, அதாவது ஸ்டால் எச்சரிக்கை ஒலிக்கும் எல்லையிலேயே திரும்புவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றையும் கை அலுக்கும்வரை செய்யுங்கள். அப்புறம் மிக முக்கியமாக, முகாம் சாமான் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் இதே பயிற்சியைச் செய்யுங்கள். தனியாளாக, பாதி டேங்க்கில் பறக்கும் விமானமும் முழுச் சுமையில் பறக்கும் விமானமும் வேறு வேறு விமானங்கள் மாதிரி நடந்துகொள்ளும்.

இதெல்லாம் கைவந்த பிறகு, மலைப் பறத்தல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரோடு இரண்டு மூன்று நாள் பறங்கள். ஐடஹோவில் மெக்கால் ஊர் இதற்குப் பேர் பெற்றது. இந்தப் படியைத் தாண்டிப் போகலாமா என்று கேட்டால், கூடாது என்பேன்.

3. எந்த ஓடுபாதை?

முதல் இடமாக ஜான்சன் க்ரீக்கைச் சொல்வேன். சுமார் 4,900 அடி உயரத்தில், 3,400 அடி நீளப் புல் ஓடுபாதை, மாநில விமானப் பிரிவின் பராமரிப்பில் இருக்கிறது. விமானத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட இடம் உண்டு. நீளமாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் மலை. ஸ்மைலி க்ரீக் இன்னும் திறந்த வெளி, ஆனால் 7,000 அடிக்கு மேல் உயரம். அதனால் இறங்குவது சுலபம், ஏறுவதற்குக் கணக்கு வேண்டும்.

இன்னொரு முனையில் 'பிக் க்ரீக் ஃபோர்' என்று நான்கு ஓடுபாதைகள்: மைல் ஹை, டூயி மூர், சைமண்ட்ஸ், வைன்ஸ். படம் பார்த்து ஆசைப்பட்டு அங்கே போகாதீர்கள். பெரிய அனுபவசாலிகளுக்கே கடினமான இடங்கள்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து விவரம் எழுதி வையுங்கள்: உயரம், நீளம், சரிவு எந்தப் பக்கம், இரு முனைகளிலும் என்ன தடை, தரை எப்படி. சரிவான ஓடுபாதை பலவற்றில் மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கித்தான் ஏற முடியும், காற்று எந்தப் பக்கம் இருந்தாலும். நிலம் யாருடையது, இப்போது திறந்திருக்கிறதா, இறங்க அனுமதி தேவையா என்பதையும் விசாரியுங்கள். அமெரிக்காவில் 'ரிக்ரியேஷனல் ஏவியேஷன் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு இப்படிப்பட்ட ஓடுபாதைகளைக் காப்பாற்றவே இயங்குகிறது, அவர்களுடைய ஓடுபாதைக் கையேடு இணையத்தில் கிடைக்கிறது. தேசியப் பூங்காக்களுக்குள் குறித்துக் கொடுத்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது.

4. எடை: முகாம் சாமானைத் தராசில் வையுங்கள்

"கொஞ்சம் சாமான்தானே" என்று கண்ணால் அளப்பது இங்கே நடக்காது. பொதுக் கணக்கு ஒன்று உண்டு: எடை 10 சதவீதம் கூடினால் மேலெழும் தூரம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். செஸ்னா 172-இல் நான்கு இருக்கை இருந்தாலும் முகாம் பயணத்துக்கு அது இரண்டு பேர் விமானம். பின்னால் சாமான் வைக்கும் பகுதிக்கு மொத்த வரம்பு 120 பவுண்டு, அதாவது 54 கிலோ.

ஒவ்வொரு பொருளையும் எடை போட்டுத் தாளில் எழுதுங்கள். இரண்டு பேருக்கு கூடாரம், தூங்கும் பை, விரிப்பு, அடுப்பு, உணவு எல்லாம் சேர்த்து 25 கிலோவுக்குள் அடங்க வேண்டும், மலையேறுபவர்கள் வாங்கும் இலேசான சாமானாக இருந்தால் தாராளமாக அடங்கும். தண்ணீரைச் சுமக்காதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆற்றோர ஓடுபாதை என்றால் குடிக்க இரண்டு லிட்டரும் ஒரு வடிகட்டியும் போதும். மடக்கு நாற்காலி, இரும்பு வாணலி, ஐஸ் பெட்டி எல்லாம் காரில் போகும்போது.

எரிபொருளும் எடைதான்: ஒரு லிட்டர் அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) 0.72 கிலோ. டேங்க்கை நிரப்புவது பாதுகாப்பு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தட்டையான நாட்டில் அது சரியும்கூட. இங்கே, காட்டில் பெட்ரோல் கிடைக்காது என்பதால் போக, வர, சுற்றிப் போக, அதற்கு மேல் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டு ஊற்றுங்கள். பகல் பறத்தலுக்குச் சட்டம் கேட்பது 30 நிமிட இருப்பு. மலைக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து.

கனமானதை இருக்கைக்கு ஒட்டி முன்னால் வையுங்கள், தூங்கும் பை மாதிரி இலேசானது பின்னால். புவியீர்ப்பு மையம் பின்னால் போன விமானம் ஸ்டாலிலிருந்து மீளச் சிரமப்படும். எல்லாவற்றின் மேலும் வலை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கரடி ஸ்ப்ரே எடுத்துப் போனால் காற்றுப் புகாத உறுதியான டப்பாவுக்குள் மூடி வையுங்கள். காக்பிட்டுக்குள் அது பீய்ச்சினால் பைலட்டுக்குக் கண் தெரியாது.

5. உயரமும் வெயிலும் சேர்ந்தால்

பைலட்டுகள் டென்சிட்டி ஆல்டிட்யூட் என்று சொல்வது, விமானம் எந்த உயரத்தில் இருப்பதாக 'உணர்கிறது' என்பதை. கணக்கு எளிது. கடல்மட்டத்தில் வழக்கமான வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்கிறார்கள், ஒவ்வோர் 1,000 அடிக்கும் 2 டிகிரி குறையும். அதைவிட எத்தனை டிகிரி கூடுதலோ, ஒவ்வொன்றுக்கும் 120 அடி சேர்க்க வேண்டும்.

5,000 அடி ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். அங்கே வழக்கமான வெப்பநிலை 5 டிகிரி. அதிகாலையில் 5 டிகிரியே இருந்தால் விமானத்துக்கு அது 5,000 அடிதான். மதியம் 30 டிகிரி ஆனால் 25 டிகிரி கூடுதல், 25 பெருக்கல் 120 என்றால் 3,000. அதே ஓடுபாதை இப்போது 8,000 அடி. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே தன் முழுச் சக்தியில் முக்கால் பங்குதான் கொடுக்கும். ப்ரொபெல்லர் பிடிக்கும் காற்றும் மெலிந்திருக்கும், இறக்கைக்குக் கிடைக்கும் காற்றும் மெலிந்திருக்கும். மானியில் 60 நாட் காட்டும்போது உண்மையில் கிட்டத்தட்ட 68 நாட்டில் போய்க்கொண்டிருப்பீர்கள், அதனால் ஓட வேண்டிய தூரமும் நிற்க வேண்டிய தூரமும் நீளும்.

ஆகவே நேரம்தான் முதல் கருவி. விடிந்ததும் பறங்கள், காலை பத்து மணிக்குள் தரையில் இருங்கள். மதியம் பள்ளத்தாக்கில் காற்று மேல்நோக்கி வீச ஆரம்பிக்கும், வெப்பக் காற்று தூக்கிப் போடும், கோடையில் இடிமழையும் சேரும். மலைமுகட்டு உயரத்தில் காற்று 25 நாட்டுக்கு மேல் என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்றைக்குப் போக வேண்டாம். ஆகஸ்ட் மாதத்தில் காட்டுத்தீப் புகையும், தீயணைப்பு விமானங்களுக்காக அறிவிக்கும் தற்காலிகப் பறப்புத் தடையும் இருக்கும். கிளம்பும் நாள் காலையிலேயே பாருங்கள், முந்தின இரவு பார்த்தது போதாது.

இன்னொன்று, உயரமான ஓடுபாதையில் மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை மாற்றும் நெம்பை) முழுதாகத் தள்ளி வைத்துக்கொண்டு ஏற முயலாதீர்கள். ஏற்கெனவே குறைந்த சக்தி இன்னும் குறையும். விமானக் கையேடு சொல்கிறபடி மிக்ஸ்சரைக் குறைத்து, இன்ஜின் அதிகச் சக்தி கொடுக்கும் இடத்தில் வைத்த பிறகே ஓடத் தொடங்குங்கள்.

6. பள்ளத்தாக்குக்குள்

நடுவில் பறக்கக் கூடாது. ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால்தான் திரும்ப வேண்டி வந்தால் மொத்த அகலமும் உங்களுக்குக் கிடைக்கும். வேகத்தைக் குறைத்தே போங்கள். 100 நாட்டில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 1,540 அடி. 80 நாட்டில் 45 டிகிரி சாய்த்தால் 570 அடி. விட்டம் 3,000 அடிக்கும் 1,150 அடிக்கும் உள்ள வித்தியாசம் இது. உயிர் இருக்கும் இடமே அதுதான். ஆனால் 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும் என்பதால், இந்தத் திருப்பத்தை முன்கூட்டியே உயரத்தில், ஆசிரியரோடு பழகியிருக்க வேண்டும்.

முகட்டைத் தாண்டும்போது 45 டிகிரி கோணத்தில் அணுகுங்கள், கீழிறக்கும் காற்று பிடித்தால் கொஞ்சம் திரும்பினாலே வெளியே வந்துவிடலாம். குறைந்தது 1,000 அடி, காற்று இருந்தால் 2,000 அடி மேலே. தரை ஏறிக்கொண்டே போகும் பள்ளத்தாக்குக்குள் கீழிருந்து மேல்நோக்கி நுழையாதீர்கள், தரை உங்கள் விமானத்தைவிட வேகமாக ஏறும்.

ஐடஹோ காட்டுப் பகுதியில் எல்லோரும் 122.9 அலைவரிசையில் இருப்பார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை, ரேடார் இல்லை. எங்கே இருக்கிறீர்கள், எந்த உயரம், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதை ஆறு, பாலம், கிளை ஓடை பெயர் சொல்லிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

7. இறங்குவது

முதலில் 1,000 அடி மேலே ஒரு சுற்று. காற்றின் திசை காட்டும் காற்றுப்பை எப்படி இருக்கிறது, மான் மேய்கிறதா, வேறு விமானம் நிற்கிறதா, ஓடுபாதையில் பள்ளமோ கிளையோ கிடக்கிறதா என்று பாருங்கள். அப்போதே ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு தனிமரமோ ஆற்று வளைவோ: அதைத் தாண்டினால் கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே போவது) கிடையாது, இறங்கியே ஆக வேண்டும். அந்த இடத்துக்கு முன்னால் வேகமோ உயரமோ ஓடுபாதைக்கு நேரான கோடோ கொஞ்சம் தவறினாலும் விட்டுவிட்டு மேலே போங்கள். ஒரு தடவைதான் வாய்ப்பு என்று நினைத்துக்கொண்டு மோசமான அணுகுமுறையைச் சரிக்கட்டப் பார்ப்பதுதான் ஆபத்து. இரண்டு தடவை சரியாக வரவில்லை என்றால் பெரிய ஓடுபாதைக்குப் போய் அன்றைய நாளை முடித்துக்கொள்ளுங்கள்.

மேல்நோக்கிச் சரிந்த ஓடுபாதை கண்ணை ஏமாற்றும். உயரமாக இருப்பது போலத் தோன்றி, தாழ்வாகப் போய்விடுவோம். கண்ணை விட வேகமானியை நம்புங்கள். தரை தொட்டதும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்து மூக்கைத் தூக்கியே வையுங்கள். நின்றதும் ஓடுபாதையை விட்டு உடனே விலகுங்கள், பின்னால் யாராவது வந்துகொண்டிருக்கலாம். கல் தரையில் ஒரே இடத்தில் நின்று இன்ஜினை உறும விட்டால் ப்ரொபெல்லர் கல்லை உறிஞ்சித் தன் விளிம்பையே பொத்தல் ஆக்கிக்கொள்ளும்.

8. முகாம்

கூடாரத்துக்கு முன்னால் விமானம். கயிறும் தரையில் அடிக்கும் நங்கூரமும் கையோடு கொண்டு போயிருக்க வேண்டும், இரண்டு இறக்கை, ஒரு வால். கண்ட்ரோல் பூட்டைப் போடுங்கள், வேகமானிக்குக் காற்று கொடுக்கும் பிட்டோ குழாய்க்கும் இன்ஜின் காற்றுத் துவாரங்களுக்கும் மூடி போடுங்கள். ஒரே பகலில் பறவை உள்ளே கூடு கட்டிவிடும், குளவி பிட்டோவை மண்ணால் அடைத்துவிடும்.

இறக்கைக்குக் கீழே கூடாரம் போட்டால் வெயிலுக்கும் பனிக்கும் நல்ல மறைப்பு. டேங்க் நிறைய இருந்தால் வெயிலில் எரிபொருள் விரிந்து வென்ட் வழியாகச் சொட்டும், அந்த இடத்தை மட்டும் விட்டு விலகிப் போடுங்கள். ஓடுபாதையின் முனைக்கு நேராகவோ விமானங்கள் திரும்பும் இடத்திலோ யாரும் படுக்க வேண்டாம்.

அடுப்பை விமானத்திலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். அவ்காஸை வடித்து அடுப்பில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. 100 எல்எல் என்ற வழக்கமான அவ்காஸில் ஈயம் இருக்கிறது, அந்தப் புகையில் சமைக்காதீர்கள். காய்ந்த புல்லில் சூடான பிரேக்கும் புகைக்குழாயுமே தீ மூட்டப் போதும் என்பதால், இறங்கிய உடனே சக்கரப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள்.

உணவை விமானத்துக்குள் வைப்பது மிகப் பெரிய தவறு. கரடிக்கு அலுமினியத் தகடும் துணி உடலும் ஒன்றுதான், கிழித்துவிடும். பற்பசை, சோப்பு, குப்பை உட்பட வாசனை உள்ள எல்லாவற்றையும் கரடிப் பெட்டியில் போட்டு, கூடாரத்திலிருந்தும் விமானத்திலிருந்தும் நூறு மீட்டர் தள்ளி வையுங்கள்.

பக்கத்தில் ஆற்றோரம் தங்கியிருப்பவர்கள் நாள்கணக்கில் நடந்து வந்தவர்களாக இருக்கலாம். அவர்கள் தலைக்கு மேல் தாழப் பறந்து காட்டுவது, சும்மா இறங்கி இறங்கி ஏறுவது எல்லாம் வேண்டாம். ஓடுபாதைகளை மூடச் சொல்லி வரும் புகார்களில் சத்தத்துக்குத்தான் பெரிய பங்கு.

உயிர்காக்கும் பொருட்களைப் பற்றி ஒன்று. கத்தி, தீப்பெட்டி, விசில், முதலுதவி, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி, இவை நீங்கள் போட்டிருக்கும் சட்டையில் இருக்க வேண்டும். பையில் இருப்பவை விமானத்தோடு எரிந்து போகலாம். விமானத்தில் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர டிரான்ஸ்மிட்டர் இருந்தால் அதை நம்பாதீர்கள், 2009 பிப்ரவரி 1-இலிருந்து எந்தச் செயற்கைக்கோளும் அதைக் கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் வேண்டும்.

9. கிளம்பும் காலை

இரவு வெப்பம் குறைந்ததால் டேங்க்கில் ஈரம் படிந்திருக்கும், எல்லா வடிகுழாயிலும் கொஞ்சம் எரிபொருள் எடுத்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கையில் உறைபனி ஒரு மெல்லிய படலமாக இருந்தாலும் முழுதும் போகும்வரை காத்திருங்கள். எலி புகுந்திருக்கிறதா, டயரில் வெட்டு இருக்கிறதா, ப்ரொபெல்லர் விளிம்பில் புதிய பொத்தல் உண்டா, எல்லாம் பாருங்கள்.

அப்புறம் ஓடுபாதையை நடந்து அளக்கவும். பாதி இருக்கும் இடத்தில் பளிச்சென்ற துணியைக் கட்டிவிடுங்கள். விமானம் அந்தத் துணியைத் தாண்டும்போது மேலெழும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 55 நாட்டில் எழும் விமானம் என்றால் 38 அல்லது 39 நாட். வரவில்லையா, அந்த நொடியே த்ராட்டிலை மூடி நிறுத்துங்கள், மீதி பாதி நிற்பதற்கு இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் ஓடினால் வந்துவிடும்" என்பதற்கு இங்கே இடமே கிடையாது. ஓடுபாதை முனையில் மரம் இருந்தால், எழுவது மட்டும் போதாது, அதைத் தாண்டும் தூரத்தையும் கையேட்டுக் கணக்கில் பாருங்கள். கையேடு தார்த் தரைக்கும் புது இன்ஜினுக்கும் எழுதியது, புல்லுக்கும் வயதுக்கும் அதன்மேல் தாராளமாகச் சேர்க்க வேண்டும்.

கணக்கு ஒத்து வரவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, சாமானையும் நண்பரையும் இரண்டு தடவையாகப் பக்கத்திலிருக்கும் நீளமான ஓடுபாதைக்குக் கொண்டு போய்ச் சேர்த்து, அங்கிருந்து சேர்ந்து கிளம்புவது. இன்னொன்று, அடுத்த காலை வரை காத்திருப்பது. இதற்காகத்தான் ஒரு நாளைக்குக் கூடுதல் உணவு எப்போதும் வேண்டும், திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற மாதிரித் திட்டம் போடவும் கூடாது.

ஊரில் பொறுப்பான ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த வழி, எந்த ஓடுபாதை, விமானத்தின் நிறமும் எண்ணும், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். வானிலைக்காக ஒரு நாள் தாமதிக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். அதோடு விமானத் துறையிடம் பறப்புத் திட்டமும் பதிவு செய்திருப்பீர்கள். சமவெளி ஓடுபாதையில் இறங்கியதும், பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால், வந்து சேர்ந்ததைச் சொல்லி அந்தத் திட்டத்தை மூடிவிடுங்கள். குறித்த நேரத்துக்கு அரை மணி நேரம் கழிந்தும் மூடவில்லை என்றால் உங்களைத் தேடி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.